நான்கு பரப்பு வளவு

பத்திரிகை அலுவலகத்தில் 40 ஆண்டுகள் இருந்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் யூன் 5ஆம் திகதி நெருங்கும்போது ஒரு வேலை தவறாமல் என் தலையில் விழும். உலகச் சுற்றாடல் தினச் சிறப்புப் பக்கம். கட்டுரைகளைச் சேகரித்து, தலைப்புகள் இட்டு, காடுகளைக் காப்பதன் அவசியம் பற்றி ஆசிரியர் தலையங்கம் ஒன்றையும் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டு, கொழும்பில் நான் குடியிருந்த மூன்றாம் மாடி அறைக்குத் திரும்புவேன். அந்த 40 ஆண்டுகளில் நான் என் கையால் ஒரு மரமும் நட்டவனல்லன். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கீழே எழுதப்போவது ஒரு மரத்தை நான் கொன்ற கதையும் அதன் பின்னர் நடந்தவையும்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரவர் வெளியேறினர். அம்மாவும் அக்காவும் அவர்களோடு நடந்தார்கள். நான் கொழும்பில் இருந்தேன். போகும்போது அம்மா கிணற்றடி வாழைகளுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினாராம். இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் நம்பிய காலம். அம்மா 2004இல், மல்லாகத்தில் ஒரு வாடகை வீட்டில் காலமானார். பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளுள் எங்கள் வளவு 2017இல் எங்களிடம் வந்தது.

அந்த வளவின் பழைய அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான்கு பரப்புக் காணி, கால் ஏக்கர். வடிவமைப்பு என்ற சொல்லை எங்கள் பெற்றோர் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. ஆனால் அங்கே எந்த மரமும் காரணமின்றி நிற்கவில்லை. மேற்குப் புறத்தில் வேம்பு. பின்னேர வெயில் சுவரில் விழாது. கிணற்றடியில் குளித்த தண்ணீர் சிறிய வாய்க்கால் வழியே வாழைக்கும், அதன் பின்னர் கமுகுக்கும், எஞ்சியது கோடிப்புறத்துத் தேசிக்கும் மாதுளைக்கும் போகும். ஒரு வாளித் தண்ணீர் மூன்று இடத்தில் வேலை செய்த பின்னரே மண்ணுக்குள் இறங்கும். கறிவேப்பிலை குசினி வாசலுக்கு அருகில்; அடுப்பில் தாளிதம் இருக்கும்போது ஓடிப்போய் ஒடித்துவர வேண்டுமல்லவா? முருங்கை மட்டும் வீட்டிலிருந்து தள்ளி நின்றது. அது காற்றுக்கு முறிவது ஒரு காரணம். மழைக்காலத்தில் அதில் அப்பும் மசுக்குட்டிகள் மற்றக் காரணம். தென்னையைச் சுற்றிக் கிடங்கு வெட்டிப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி மண் மூடுவார் அப்பா. மாரியில் அவை குடித்த நீர் கோடையில் வேருக்குக் கிடைக்கும்.

வேலியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். யாழ்ப்பாணத்தவனுக்கு வேலி என்பது பாதி வழக்கு, பாதி வாழ்க்கை. இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி அரையடி தள்ளி நட்டதால் மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆயினும் அந்த வேலி உயிருள்ளது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, இடையிடையே ஆமணக்கு, பின்னாளில் சீமைக்கிளுவை. கிடுகு கட்டி மறைத்தாலும் மேலே தழை தழைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குழையை வெட்டி ஆட்டுக்குப் போடுவார்கள்; தோட்டத்துக்குத் தாழ்ப்பார்கள்; தடி விறகாகும். புலுனிகள் கூட்டமாக அந்த வேலியோரச் சருகைக் கிளறிக்கொண்டு போகும். ஓர் ஊரின் வேலிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பல மைல் நீளமான ஒரு மெல்லிய காடு அது என்பது சிறுவயதில் எனக்குத் தோன்றவில்லை. செண்பகத்துக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் அது தெரிந்திருந்தது.

இலங்கையில் தோட்டக் கலை என்றதும் யெஃப்ரி பாவாவைச் சொல்வோம். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையை வாங்கி, அரை நூற்றாண்டு அதைச் செதுக்கிக்கொண்டிருந்தவர். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மனம் லயித்த இடம். கண்டிப் பகுதி வீட்டுத் தோட்டங்களையும் ஆய்வாளர்கள் போற்றுவார்கள். மேலே பலா, தென்னை, கித்துள்; நடுவில் கமுகு, கராம்பு, கோப்பி, மரத்தைப் பற்றிய மிளகுக் கொடி; கீழே இஞ்சியும் கிழங்கும் என்று தட்டுத் தட்டாக அமைந்தவை. அவையெல்லாம் நிறைந்த மழை பெறும் நிலங்கள். மூன்று மாத மழையை வைத்துக்கொண்டு, பாறையின் மேல் ஓரிரு அடிச் செம்மண்ணில், எங்கள் ஆச்சிமார் அமைத்த வளவுகளை யாரும் படம் பிடித்துப் புத்தகம் போடவில்லை. இது என் சிறு மனத்தாங்கல். நிற்க.

2017இல் நாங்கள் போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. கூரையும் நிலைகளும் கதவுகளும் போய், மார்பளவுச் சுவர்கள் நின்றன. எது யாருடைய காணி என்று தெரியாமல் ஊரவர் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றைக்குள் நின்றார்கள். எங்கள் எல்லையைக் காட்டியது பூவரசு. கையளவு பருமனான கதியால்களாக விட்டுச் சென்றவை, வெட்டுவாரின்றி 27 ஆண்டுகளில் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்களாகி, நேர்கோட்டில் நின்றன. அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். உள்ளே பனை வடலிகளும், தானாக முளைத்த வேம்புகளும், இப்பிலிப்பிலும் நாயுண்ணியும், எல்லாவற்றின் மேலும் போர்வை போலக் கொடிகளும். வீட்டு வாசற்படியில் எருக்கலை பூத்திருந்தது. ‘வாசலில் எருக்கலை முளைக்க’ என்று திட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அக்கா அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஆவணியில் வீடு கட்டத் தொடங்கினோம். ஒப்பந்தகாரர் சொன்ன யோசனை, பெக்கோவை ஒருநாள் பிடித்து வளவு முழுவதையும் வழித்துத் துப்பரவாக்கிவிடுவது. கத்தியும் கோடரியும் கொண்டு ஆட்கள் வெட்டினால் ஒரு மாதம் செல்லும்; கூலியும் கூட. நான் சம்மதித்தேன். எந்தெந்த மரம் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சம்மதிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. செய்தி எழுதும்போது இரண்டு பக்கமும் விசாரி என்று இளையவர்களுக்குப் பாடம் சொன்னவன் நான்.

காலை ஏழு மணிக்கு இயந்திரம் கிழக்குப் புறத்தில் தொடங்கியது. பதினொரு மணிக்குள் ஏறக்குறைய இரண்டு பரப்பு வெளியாகிவிட்டது. அந்த வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்போதுதான் அக்கா மல்லாகத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினார். தள்ளிக் குவித்திருந்த குவியலின் அருகே போனவர், ஏதோ ஒரு கிளையைப் பிடித்து இலையைக் கசக்கி முகர்ந்தார்.

“தம்பி, இது மா” என்றார்.

கொடிகள் மூடியிருந்ததால் நாங்கள் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வேரோடு சாய்ந்திருந்த அடிமரத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அந்த வாசனை எவருக்கும் தவறாது. 1983இல் அம்மா திருநெல்வேலியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்ட கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கன்று அது. இரண்டு பருவம் காய்த்ததைத்தான் அம்மா கண்டார். மல்லாகத்தில் இருந்த காலமெல்லாம் மாம்பழக் காலம் வந்தால், ‘எங்கட மரத்தில இப்ப ஆர் ஆய்ஞ்சு தின்னுதோ’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவரும் ஆயவில்லை, அணிலும் வௌவாலுமே தின்றிருக்கும். யுத்தத்துக்குத் தப்பிய அந்த மரத்தை, நாள் வாடகை பேசி, நான் சாய்த்தேன்.

அக்கா என்னை ஏசவில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக்கொண்டு போய் மேற்குப் பாதியின் எல்லையில் போட்டு அமர்ந்துவிட்டார். பெக்கோ ஓட்டிய பொடியன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “ஐயா, அம்மா இருக்கிறா, நான் என்னெண்டு தள்ளுறது?” என்று என்னிடம் கேட்டான். முழுநாள் வாடகையைக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் வளவின் மேற்குப் பாதி இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தக் கதிரை.

அன்று மாலையே, நாற்றுமேடை வைத்திருக்கும் அயலூர்க்காரர் ஒருவரைத் தேடிப் போனோம். சாய்ந்த மரத்தின் நுனிக் குச்சிகளில் முற்றியவையாகப் பார்த்து வெட்டி, இலைகளைக் கழித்து, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போகச் சொன்னார். ஐந்து மாங்கன்றுகளில் ஒட்டினார். இரண்டு பிடித்தன.

அதே ஆண்டு மழை, நான் வழித்த பாதிக்கும் அக்கா காத்த பாதிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டியது. வாகனம் வந்து திரும்புவதற்கென்று கிழக்குப் புறத்தில் கிறவல் கொட்டி உருளை போட்டு இறுக்கி, முன்பகுதிக்குக் கொங்கிறீட்டும் இட்டிருந்தேன். கார்த்திகை மழை அதில் விழுந்ததும் நிற்க இடமின்றி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு அயல் வளவுக்குள் பாய்ந்தது. அயலவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மேற்குப் பாதியில் அதே மழை சருகுக்குள் சத்தமின்றி இறங்கியது. ஒழுங்கைப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர்கூடப் போகவில்லை.

குடாநாட்டில் இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது; வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. அந்த வில்லையைத்தான் கிணறு என்று இறைத்துக் குடிக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே மறுவளமாகப் பார்த்தால், மேலே 1 அடி குறையும்போது கீழிருந்து உவர் 40 அடி எழும்ப இடமுண்டு. முற்றங்களையெல்லாம் சீமெந்து போட்டு மூடி, கூரைத் தண்ணீரையும் ஒழுங்கைக்கு விட்டுவிட்டு, மோட்டரைப் போட்டு இறைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு என்னவாகும்? மலகூடக் குழிகளாலும் தோட்டத்து உரத்தாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை 1980கள் முதலே ஆய்வுகள் சொல்லி வந்திருக்கின்றன. அந்தச் செய்திகளுக்குத் தலைப்பு இட்டவர்களுள் நானும் ஒருவன்.

ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு இந்தக் கதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். அவள் ஒரு புத்தகம் அனுப்பிவைத்தாள். டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியல் பேராசிரியரும் றிக் டார்க் என்பவரும் சேர்ந்து எழுதி 2014இல் வெளியான ‘த லிவிங் லான்ட்ஸ்கேப்’. அமெரிக்க வீட்டுத் தோட்டங்களைப் பற்றியது. அதில் வரும் ஓக்கும் டொக்வூட்டும் எனக்கு எதற்கு என்று முதலில் ஒதுக்கி வைத்தேன். ஓர் இரவு மின்வெட்டில், கை விளக்கில் புரட்டத் தொடங்கி, முழுவதும் வாசித்தேன். டாலமி வேறோர் இடத்திலும் எழுதியிருக்கும் விடயம் ஒன்று உண்டு: சிக்கடீ என்னும் சிறு குருவியின் ஓர் ஈட்டுக் குஞ்சுகள் பறக்கும் பருவம் அடைவதற்கு 6,000 முதல் 9,000 வரையான புழுக்கள் வேண்டும். பழமும் தானியமும் வைத்துக் குஞ்சு வளர்க்க இயலாது; புழு வேண்டும். அந்தப் புழுக்கள் கண்ட இலையையும் தின்பதில்லை. அந்த மண்ணில் நெடுங்காலம் தம்மோடு சேர்ந்து வாழ்ந்த செடிகளையே பெரும்பாலும் தேடிப் போகின்றன. அப்படியானால் தளிர் கடிபடாத தோட்டம் பறவைகளுக்குப் பட்டினித் தோட்டம்.

தேசியிலும் கறிவேப்பிலையிலும் இருக்கும் பச்சைப் புழுக்களை நசுக்குவதை அன்றோடு நிறுத்தினேன். அவை கறுப்பும் மஞ்சளுமான பெரிய வண்ணத்துப்பூச்சிகளாவதைப் பின்னர் பார்த்தேன். (அக்கா நிறுத்தவில்லை. தேசிக் கன்று இரண்டு வயதாகும்வரை தன் கை சும்மா இராது என்கிறார். அதிலும் நியாயம் உண்டு.)

மகள் கேட்ட முதற் கேள்வி, “அப்பா, வாசல் எருக்கலையைப் பிடுங்கிவிட்டீர்களா?” என்பதுதான். அவளுடைய வீட்டு முன்றிலில் மில்க்வீட் என்ற பாற்செடியை வளர்க்கிறாளாம். மெக்சிக்கோ மலைகள்வரை பறந்து போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதைவிட்டால் வேறு உணவில்லை. முன்பு களை என்று சட்டமே அதை ஒழிக்கச் சொன்னது. ஒன்ராறியோ மாகாணம் 2014இல்தான் அப்பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. அந்தப் பாற்செடியும் எங்கள் எருக்கலையும் ஒரே குடும்பம். எங்கள் எருக்கலையில் முட்டையிடும், கறுப்பு விளிம்பிட்ட செம்மஞ்சள் செட்டை கொண்ட வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கும் ஒரே பேரினம். அங்கே ஒரு பிள்ளை அதைத் தேடி நடுகிறாள். இங்கே அது சாபத்தின் அடையாளம்.

குடிபூரலுக்கு முன் அதை எடுத்தே ஆகவேண்டும் என்று அக்கா நின்றார். அவருக்கு அது செடியன்று, 27 ஆண்டுகள். நான் விளக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். கடைசியில் வாசற்படியில் நின்றதை அக்காவே பிடுங்கினார். கோடிப்புறத்தில், படிக்கு நேரே இல்லாத மூலையில் முளைத்திருந்த இரண்டை விட்டுவைத்தோம். புழுக்கள் இப்போது அங்கே.

வளவைத் திருத்திய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குப் பாதியில் இப்பிலிப்பிலையும் நாயுண்ணியையும் கத்தியால் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு ஆண்டுகளில் எடுத்தோம். வேம்புகளில் மூன்றை நிறுத்தினோம். பற்றைக்குள் முசுட்டையும் மொசுமொசுக்கையும் தூதுவளையும் குறிஞ்சாவும் கிடந்தன. அக்கா இலைக்கறிக் கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். கிழக்குப் பாதியில் வாகனம் திரும்ப வேண்டிய இடம் போக மிகுதிக் கிறவலை வாரி, கொங்கிறீட்டின் பாதியை உடைத்து, கூரைத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஆளரையளவு கிடங்கு தோண்டிக் கல்லும் பொச்சுமட்டையும் நிரப்பினோம். இறுகிய மண் இறுகியதுதான். அங்கே வைத்த நாவலும் விளாவும் மேற்கில் வைத்தவற்றின் பாதி உயரத்துக்கே இப்போதும் நிற்கின்றன. பங்குனி வெயிலில் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால், எந்த இடத்தில் என் பாதி முடிந்து அக்காவின் பாதி தொடங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலால் சொல்லிவிடலாம்.

சருகை நான் எரிப்பதில்லை என்பது அயலில் சிலருக்குக் குறை. குப்பை வளவு நுளம்பு வளர்க்கிறது என்று யாரோ முறையிட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். 2017இல் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவான பின்னர் அந்த அச்சத்தை யாரும் சிரித்து ஒதுக்க முடியாது. இளைஞர், பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். சருகில் ஒன்றும் இல்லை. கூரைப் பீலியில் தேங்கிய நீரையும், வேலியோரம் கிடந்த சிரட்டையையும், நான் பறவைகளுக்கென்று பெருமையோடு வைத்திருந்த மண்சட்டியையும் காட்டினார். சட்டியில் புழுக்கள் நெளிந்தன. ஏடிஸ் நுளம்புக்குத் தேங்கிய நீர் வேண்டும், அதற்கு ஒரு சிரட்டையே போதும் என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனார். இப்போது சட்டியைத் தினமும் காலையில் கவிழ்த்துத் தேய்த்து வைக்கிறேன்.

பின்னர் 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தபோது, தோட்டக்காரர்கள் சிலர் பூவரசங்குழை கேட்டு வந்தார்கள். எத்தனையோ ஆண்டுகளாக ஒருவரும் கேட்காத பொருள். 2022இல் எரிவாயுவும் எரிபொருளும் இல்லாமற் போய், வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்த அந்த நாட்களில், எங்கள் அடுப்பு வேலித் தடியில் எரிந்தது. மரவள்ளியும் முருங்கையிலையும் முசுட்டை வறையும் தின்றோம். கிழக்குப் பாதியில் பயிரிட முயன்ற கத்தரி சுருண்டது.

ஒட்டிய இரு மாங்கன்றுகளில் ஒன்று முதல் ஆண்டுக் கோடையிலேயே பட்டுப்போனது. மற்றது மேற்குப் பாதியில், அக்கா கதிரை போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சென்ற ஆண்டு பூத்துப் பூ முழுவதும் பனியில் கருகியது. இவ்வாண்டு ஏழு காய்கள் தங்கின. கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். தொட்டுப் பார்த்துத்தான் ஆய வேண்டும். ஆறினை நாங்கள் ஆய்வதற்குள் அணில் தொட்டுப் பார்த்துவிட்டது. ஏழாவதை அக்கா அம்மாவின் படத்துக்கு முன் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு நறுக்கி எனக்கும் ஒரு துண்டு தந்தார். கொட்டையைக் கழுவித் தாழ்வாரத்தில் காயவைத்திருக்கிறார். கொட்டையிலிருந்து வருவது அதே சாதியாக இராது, ஒட்டினால்தான் சரி என்று சொன்னேன். தெரியும் என்றார்.

மூன்று நாள் பேசாதிருந்த அயலவர் தம் பக்கத்து எல்லைக்குச் சீமெந்துக் கல் மதில் கட்டக் கற்கள் இறக்கியிருந்தார். அண்மையில் ஒரு பின்னேரம் வந்து, மதிலை ஒழுங்கைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதாகவும், எங்கள் பூவரசில் 40 கதியால் வெட்டித் தர முடியுமா என்றும் கேட்டார். ஐப்பசி மழை பிடித்ததும் வெட்டலாம் என்றேன். எல்லைக் கயிறு பிடிக்கும்போது அக்காவும் நிற்பார் என்பதையும் சொல்லிவைத்தேன்.